சாம்பலில் தடமில்லை

என் இடது கால் பூட்ஸ் இன்னும் ஷெரிஃப் அலுவலகத்தில்தான் இருக்கிறது. காகித உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, ஒட்டி வைத்திருக்கிறார்கள். நான் கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் யோசித்துப் பார்க்கட்டும். ஒரு கட்டுக்கதைக்காக எந்தப் போலீஸ்காரராவது அறுபது வயதுக்காரனின் பழைய பூட்ஸை வாங்கிப் பத்திரப்படுத்துவாரா?

மே 28. வியாழக்கிழமை. மேற்கு மோன்டானா மலைகள்.

காடு எரிந்தால், அதற்கு அடுத்த வசந்தத்தில் மோரல் காளான் முளைக்கும். பனி உருகிச் சாம்பல் நனைந்து, நாலு நாள் வெயில் அடித்தால் போதும். தேன்கூட்டைக் கிள்ளிக் காம்பில் செருகினாற்போல், கறுப்புக் கறுப்பாய்த் தலை நீட்டும். எங்கே எரிந்ததோ அங்கே போவதுதான் எங்கள் பிழைப்பு. நானும் என் மனைவி லீட்டாவும் பத்தொன்பது வசந்தங்கள் அப்படிப் போனோம். இருபதாவது வசந்தத்துக்கு நான் மட்டும் போனேன். ஜனவரியில் லீட்டா இறந்துவிட்டாள்.

காலை 7.10. சாலையோரத்தில் பெர்னிஸின் கூடாரம். எங்களிடம் காளான் வாங்குகிறவள் அவள். அவளுடைய தராசுக்கும் வாய்க்கும் ஓய்வே கிடையாது.

"எங்கய்யா ஓரின், இன்னிக்கு?"

"தெற்குச் சரிவு."

"எல்லாப் பயலும் தெற்குச் சரிவுங்கிறான். அங்க போய்ப் பார்த்தா ஒரு ஈ காக்கா இல்ல. பொய் சொல்றதுதான் சொல்றீங்க, புதுசா ஒண்ணு சொல்லக் கூடாதா?"

"நீ கேட்காம இரு. நாங்களும் சொல்லாம இருக்கோம்."

அவள் சிரித்தாள். காளான் கிடைக்கும் இடத்தை உள்ளபடி சொல்கிறவன் எங்கள் கூட்டத்தில் ஒருவன்கூட இல்லை. பெற்ற பிள்ளையிடமும் சொல்ல மாட்டோம். நான் போகப்போவது வடக்கே, கெட்டில் ஓடைக்கு.

"அந்தப் பச்சைத் தொப்பி ஹார்லனை எங்கயாவது பார்த்தியா?" என்றாள் பெர்னிஸ். "ஆறு நாளா ஆளைக் காணோம். சொந்த வண்டி இல்லாதவன். எவன் வண்டியிலயோ தொத்திக்கிட்டு, வேற வியாபாரிகிட்டப் போயிட்டான் போல. என் காப்பிக் கோப்பையையும் தூக்கிட்டுப் போயிருக்கான், துரோகி!"

"நான் பார்க்கலை."

"நீ தனியாவா போறே?"

காப்பியைக் குடித்து முடித்தேன்.

"ஆறு மணிக்குள்ள வந்துடு. வரலேன்னா தெற்குச் சரிவுக்கு ஆள் அனுப்புவேன். பார்த்துக்கோ."

வண்டியை வடக்கே திருப்பினேன். ஓடைக்கு இரண்டு மைல் முன்பே நிறுத்தி, சாலையில் போகிறவர்கள் கண்ணில் படாதபடி பாறைக்குப் பின்னால் மறைத்தேன். அதுவும் எங்கள் வழக்கம்தான்.

9.20. எரிந்த காட்டுக்குள் நுழைந்தேன்.

மரமெல்லாம் கரிக்கம்பங்களாக நின்றன. தரை முழுக்க ஈரச் சாம்பல். எலி ஓடினாலும் தடம் விழும். மரங்கொத்தி ஒன்று எங்கோ டொக்... டொக்... என்று கொத்திக்கொண்டிருந்தது. மனிதத் தடம் ஒன்றுகூட இல்லை. மகிழ்ச்சியாக இருந்தது. யாருக்கும் தெரியாத இடம்! திரும்பி "லீட்டா, இங்கே பார்" என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

11.40. வாளி பாதி நிறைந்திருந்தது. ஒரு கரிக்கட்டையின் ஓரத்தில் குனிந்தேன்.

வெறும் காம்பு.

யாரோ காளானை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வெட்டுவாய் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. அறுத்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கத்தில் இன்னும் மூன்று. அதற்கு அப்பால் ஐந்து.

சுற்றிலும் பார்த்தேன். சாம்பலில் என் தடம் மட்டும்தான் இருந்தது.

எங்கள் தொழிலில் எல்லோர் கழுத்திலும் ஒரு தகர விசில் தொங்கும். ஒரு முறை ஊதினால், 'எங்கே இருக்கிறாய்?' இரண்டு முறை, 'இங்கேதான்.' மூன்று என்றால் ஆபத்து. லீட்டா இருந்தவரை அரை மணிக்கு ஒரு தரம் ஊதுவேன். ஜனவரிக்குப் பிறகு அந்த விசிலை நான் தொடவே இல்லை.

எடுத்து ஒரு முறை ஊதினேன்.

மேலே, சரிவின் உச்சியிலிருந்து பதில் வந்தது.

வீ... வீ...

மரங்கொத்தி நின்றுவிட்டது.

எனக்கு அப்போது பயம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகைதான் வந்தது. ஐந்து மாதமாக என்னிடம் 'இங்கேதான்' என்று யாரும் சொன்னதில்லை. சத்தம் வந்த திசையில் நடந்தேன். அறுத்த காம்புகள் வரிசையாக வழி காட்டின. ஒரே சீராக, ஐந்தடிக்கு ஒன்று.

12.25. ஒரு முறை ஊதினேன். இரண்டு பதில்.

1.15. மறுபடியும் இரண்டு. நான் எவ்வளவு நடந்தாலும் அது அதே தூரத்தில்தான் இருந்தது.

1.50. மூச்சு வாங்க உட்கார்ந்தேன். கையெட்டும் தூரத்தில் ஒரு காம்பு. அப்போதுதான் உற்றுப் பார்த்தேன்.

கத்தியால் சாய்த்து அறுத்த வெட்டு.

லீட்டா கத்தியைத் தொட மாட்டாள். பத்தொன்பது வருடமும் நகத்தால் கிள்ளியே எடுத்தவள்.

அப்படியென்றால் இவ்வளவு நேரம் நான் யார் பின்னால் வந்துகொண்டிருக்கிறேன்?

எழுந்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு அடி வைத்தேன்.

வீ... வீ... வீ...

மூன்று.

மூன்று கேட்டபின் திரும்பிப் போகிறவன் எங்களில் இல்லை. யாராக இருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். போனேன்.

2.07. பழுத்து உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தை போல் பரவிய ஒரு சமதரை. நடுவில் இதுவரை நான் பார்த்ததிலேயே பெரிய காளான். யாரும் அறுக்காமல் நின்றது. கை நீட்டினேன்.

தரை உள்ளே போனது.

நூறு வருடத்துக்கு முன்னால் தங்கம் தேடி வந்தவர்கள் தோண்டிப் போட்ட குழி அது. கிணறு மாதிரி குறுகலானது. மூடி வைத்திருந்த மரப்பலகைகள் தீயில் எரிந்து, மேலே சாம்பலும் இலையும் மட்டும் மிச்சம்.

தொடைவரை கறுப்புச் சேறு. வலது காலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. இடது காலுக்கு அடியில் மட்டும் ஏதோ இருந்தது. பூட்ஸ் அகலத்துக்கு. கெட்டியாக.

ஏதோ வேர் என்று நினைத்துக்கொண்டேன்.

குழியின் விளிம்பில் பாதி எரிந்த வேர் ஒன்று நீண்டிருந்தது. கையை முழுக்க நீட்டியும் ஒரு சாண் குறைந்தது. சுவரைப் பிடித்தால் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. எம்பினால் சேறு இழுத்தது.

ஆறு மணிக்குப் பெர்னிஸ் ஆள் அனுப்புவாள். தெற்குச் சரிவுக்கு. வண்டியை நானே மறைத்துவிட்டு வந்திருக்கிறேன். நான் இங்கே இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள் ஜனவரியில் போய்விட்டாள்.

மூன்று ஊதினேன். காத்திருந்தேன். மறுபடி மூன்று.

3.30... பதில் இல்லை.

4.30... பதில் இல்லை. இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. சேறு இப்போது வயிற்றைத் தொட்டது.

5.48. விசில் பிடிக்கவும் கையில் பலமில்லை. ஒரே ஒரு முறை ஊதினேன்.

எங்கே இருக்கிறாய்?

வீ... வீ...

மேலேயிருந்து வரவில்லை.

பக்கவாட்டிலிருந்தும் வரவில்லை.

சேற்றில் ஒரு குமிழி வந்து உடைந்தது.

"யாரு... யாருப்பா அது?"

குனிந்து சேற்றைப் பார்த்தேன்.

"யாரா இருந்தாலும் சரி... கொஞ்சம் தூக்கி விடுப்பா..."

இடது காலுக்கு அடியில் அது அசைந்தது.

மேலே வந்தது.

மெதுவாக...

ஒரு சாண்.

வேர் கையில் அகப்பட்டது.

எப்படி ஏறினேன், எப்படி ஓடினேன் என்பதெல்லாம் ஞாபகம் இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை. அது மட்டும் ஞாபகம்.

8.35. மலையோரம் வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. பெர்னிஸ் ஓடி வந்தாள்.

"பாவி மனுஷா! நாலு பேரு தெற்குச் சரிவுல உன் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டு இருக்காங்கய்யா! எங்க போய்த் தொலைஞ்சே?"

"கெட்டில் ஓடை" என்றேன். இத்தனை வருடத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை.

மறுநாள் காலை ஷெரிஃபின் ஆட்கள் கயிறோடு போனார்கள். மதியம் 12.20க்குக் குழியிலிருந்து ஒருவனை வெளியே எடுத்தார்கள். பச்சைத் தொப்பி. ஹார்லன். நின்றபடி புதைந்திருந்தான். கழுத்தில் தொங்கிய விசிலுக்குள் சேறு இறுகிக் கல்லாகிக் கிடந்தது. அவன் வாளிக்குள் பெர்னிஸின் காப்பிக் கோப்பை இருந்தது. செத்து ஆறு நாளாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.

பெர்னிஸ் கோப்பையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள்.

"அவனும் தெற்குச் சரிவுன்னுதான்யா சொன்னான்" என்றாள். "வரலியேன்னு நான் திட்டினேனே தவிர, தேடலை. ஒருத்தரும் தேடலை."

சாயங்காலம் ஷெரிஃபின் உதவியாளர் என் வண்டிக்கு வந்தார். இளைஞர். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"உங்க இடது கால் பூட்ஸைக் கொஞ்சம் குடுங்க சார்."

கொடுத்தேன். குதிகாலில் ஒரு முக்கோண ஒட்டு உண்டு. பழைய டயரை வெட்டி லீட்டா ஒட்டியது. அதே மாதிரி இன்னொன்று எங்கும் இருக்க முடியாது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி?"

"அந்த ஆளோட ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்கியிருந்துச்சு சார். உள்ளங்கை மேல பார்த்து, ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து. அதுல இந்த முக்கோணம் பதிஞ்சிருக்கு."

"நான் மிதிச்சுக்கிட்டு நின்னேன். பதியத்தானே செய்யும்?"

"வெறுமனே அழுந்தியிருந்தா சரி சார்." அவர் பூட்ஸைக் காகித உறைக்குள் போட்டார். "கன்றிப்போயிருக்கு. கருநீலமா. டாக்டர் மூணு தரம் பார்த்துட்டாரு. ரத்தம் ஓடற உடம்புதான் அப்படிக் கன்றுமாம்..."