மூன்றாம் தூணின் ஐந்தாவது கல்

கிரேக்க நாட்டில் பெத்ரோகோரி ஊருக்கு மேலே, மலைச்சரிவில் இடிந்து நின்ற ஆர்தெமிஸ் தேவியின் பழங்கோயிலில் ஆர்கிரோ பத்தொன்பது வருஷம் காவல் வேலை பார்த்தாள். பேர்தான் காவல், பெருக்குவதும் முள் வெட்டுவதும் அவளேதான். ஏப்ரலில் எடுப்பார்கள், அக்டோபரில் அனுப்பிவிடுவார்கள். அடுத்த ஏப்ரலில் கூப்பிடுவார்களா என்பது எந்த வருஷமும் நிச்சயமில்லை.

பதிமூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் இடிந்த கோயில் என்றால் பித்து. கல்யாண நாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்ட கணவன் லாம்பிஸை ஒலிம்பியாவுக்கு இழுத்துப்போய் மூன்று மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தாள்.

"உடஞ்ச கல்லப் பாக்க பஸ் ஏறி வரணுமா? நம்ம ஆட்டுப்பட்டி சுவரும் இடிஞ்சுதான் கெடக்கு," என்றான் அவன்.

"அந்தச் சுவர் நீ கட்டுனது. அதான் இடிஞ்சுது."

ஒரு வசந்தத்தில், ஓக் மரத்தடியில் கிடந்த பெரிய உருளைக் கல்லைத் தையல் நாடாவால் அளந்தாள். தூணில் மேலிருந்து கீழாக ஓடும் வரிப்பள்ளங்கள் மேலே போகப்போகக் குறுகும். இந்தக் கல்லின் அடிப்பக்கப் பள்ளமும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நான்கு உருளைக் கற்களோடு மொட்டையாக நின்ற மூன்றாம் தூணின் உச்சிப் பள்ளமும் ஒரே அகலம். தூணில் சாய்வாக ஏறிய பூகம்ப விரிசல் அறுந்த இடத்திலிருந்து இந்தக் கல்லில் தொடர்ந்தது. ஏணியில் நின்றபடியே அழுதுவிட்டாள்.

கோயிலைச் சீரமைக்க ஏதென்ஸிலிருந்து வந்திருந்த பேராசிரியர் வெனியேரிஸிடம் ஓடினாள். அவருடைய வரைபடத்தில் அந்தக் கல் கிழக்குத் தூணுக்கு என்று குறித்திருந்தது. அளவுகளை எழுதி, விரிசலையும் வரைந்து அவள் நீட்டிய தாளை அவர் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம்மா. அந்த வடக்குப் பாதையில முள்ளு மண்டிக் கெடக்கு, கொஞ்சம் பாத்துக்கோங்க."

ஆறு வருஷம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு ஒரு ஜூனில் பளுதூக்கி இயந்திரம் வந்தது. அந்தக் கல் மூன்றாம் தூணின் மேல் ஏறியது. வாசலில் புதுப் பலகை வைத்தார்கள்: பேராசிரியர் வெனியேரிஸின் கண்டுபிடிப்பு. அதிலிருந்த விரிசல் படம் அவள் தாளில் போட்டது போலவே இருந்தது.

"போய்க் கேளு," என்றான் லாம்பிஸ்.

"கேட்டா ஏப்ரல்ல கூப்பிடமாட்டாங்க."

"அப்ப வாய மூடிட்டு இரு. எங்கிட்ட மட்டும் பொலம்பாத."

விழா நாளில் விருந்தினருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். பேராசிரியர் பேசி முடித்துக் கைதட்டல் ஓய்ந்ததும், தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவள் சொல்லிவிட்டாள்: "ஐயா, அந்தக் கல்லு இங்கதான் சேரும்னு ஆறு வருஷத்துக்கு முந்தியே உங்ககிட்ட நான் சொன்னேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேராசிரியர் கொஞ்சமும் பதறவில்லை. இறங்கி வந்து அவள் தோளில் கை போட்டார்.

"பாத்தீங்களா? பெருக்குறவங்களுக்குக்கூட இந்தக் கல்லு மேல எவ்வளவு பாசம்! இதான் நம்ம ஜனங்க!"

முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். புகைப்படக்காரர் அவளைச் சிரிக்கச் சொன்னார். தட்டைக் கீழே வைக்க இடம் தெரியாமல் அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

ஏப்ரலில் கூப்பிட்டார்கள். போனாள். பெருக்கினாள். நாடாவைத் தையல் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

அந்தக் கோடையில் பேராசிரியரின் மாணவி ஒருத்தி வந்தாள். அதே மூன்றாம் தூணின் உச்சியில் வைக்க வேண்டிய தலைக்கல்லில் பாதியைக் காணோமாம். ஊரில் யாராவது சுவரில் வைத்துக் கட்டியிருப்பார்களோ என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல பெண். வெயிலில் முகம் சிவந்திருந்தது.

"நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களாம்மா?"

இடுகாட்டுச் சிற்றாலயத்தின் பின்சுவரில், சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் இருந்தது அது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மாவின் கல்லறைக்கு விளக்கேற்றப் போகும்போது ஆர்கிரோ அதன் வளைந்த விளிம்பைத் தடவிவிட்டு வருவாள்.

"எனக்கு என்னம்மா தெரியும்? நான் பெருக்குறவ," என்றாள்.

மாணவி நன்றி சொல்லி இறங்கிப்போனாள். பழிதீர்த்த சந்தோஷம் வரும் என்று ஆர்கிரோ கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. தலையில்லாமல் நின்ற தூணை ஏறிட்டுப் பார்க்கவும் மனம் வரவில்லை.