கங்காணி நீட்டிய டின்

எங்கள் கங்காணிக்கு வெட்கம் என்று ஒன்று இருந்ததை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதுவும் மலத்தின் விஷயத்தில்.

மலாயாவில், கோத்தா திங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம். பத்து மரம் வெட்டுவதற்குள் மூச்சு வாங்கும். முகம் வெளுத்து, கால் வீங்கிப்போயிருந்தேன். கங்காணியோ பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டில் அத்தனை பேர் முன்னாலும் என்னைச் "சோம்பேறிக் கழுத" என்பார். மாதக் கடைசியில் பெயரை வெட்டிவிடுவதாகவும் சொல்லியிருந்தார். பெயர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போகும். எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

அப்போதுதான் வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறதா என்று பார்க்க, பெயர்ச்சீட்டு ஒட்டிய சிகரெட் டின்னை தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். மறுநாள் அதில் மலம் கொண்டுவர வேண்டும். கங்காணிக்கும் விலக்கில்லை.

அன்று சாயந்திரம் அவர் என் வாசலுக்கு வந்து, துண்டுக்குள் மறைத்திருந்த டின்னை நீட்டினார்.

"ஏ புள்ள, இதுலயும் ஒன்னோடத கொஞ்சம் போட்டுரு. இத்தன ஆளுக்குக் கங்காணி நான். என்னோடத அந்த டிரெஸ்ஸர் பய குச்சிய விட்டுக் கிண்டறதா?"

என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத மனிதர். மலம் மட்டும் ஆகுமாம்! மறுத்தால் பெயர் அன்றைக்கே போகும் என்று வாங்கிக்கொண்டேன்.

சில நாள் கழித்துப் பெரிய டாக்டர் வந்தார். தோட்டத்துத் துரையும் கூட நின்றார். புழு அதிகம் இருந்தது இரண்டே பேருக்கு: எனக்கும் கங்காணிக்கும். டாக்டர் கங்காணியின் தொந்தியை ஏற இறங்கப் பார்த்தார். டிரெஸ்ஸர் தமிழில் சொன்னார்:

"இவ்ளோ புழு இருந்தா ஒடம்புல ரெத்தமே இருக்காதாம். ரெண்டு பேரயும் வேலைக்கு விடக்கூடாதுங்கறாரு."

துரை முன்னால் உண்மையைச் சொல்லக் கங்காணிக்கு வாய் வரவில்லை. மருந்தை விழுங்கினார். பேதிக்கும் கொடுத்தார்கள். பிறகு போவதையெல்லாம் வாளியில் பிடித்துப் புழு தேட வேண்டுமாம். டின் அளவைக் காட்டக் கூசியவருடைய முழு வாளியையும் அதே டிரெஸ்ஸர் குச்சியை விட்டுக் கிண்டினார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

என் பெயர் வெட்டுப்படவில்லை. உடம்பு தேறிப் பெரட்டுக்குத் திரும்பிய அன்று, கங்காணி வெளுத்துப்போன இன்னொருத்தியைப் பார்த்து, "சோம்பேறிக் க..." என்று ஆரம்பித்தார்.

"கங்காணி," என்றேன் எல்லார் காதிலும் விழும்படி, "டின்னு ஏதும் இருந்தா குடுங்க."

அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.