ஜமீலா கொடுத்த பட்டியல்

பொந்தியானிலிருந்து ஜமீலாவின் தம்பி நசீர் கூப்பிட்டபோது நான் தம்போயில் ஒரு கார் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். "அண்ணே, அக்கா காலையில மவுத்தாயிட்டாங்க. மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துருவீங்கதானே?" என்றார். வருகிறேன் என்றேன். என் வண்டியின் பிரேக்கைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்ட பட்டறைக்காரர் தன் வண்டிச் சாவியைக் கையில் கொடுத்தார். ஜமீலாவுக்குச் சிறுநீரகம் பழுது என்பது மருத்துவமனையில் கூட வேலை பார்த்த நமக்கெல்லாம் தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று யாரும் நினைக்கவில்லை. நாற்பத்தேழு வயது.

ஜொகூர் பாருவில் நம் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் இருந்தார். நான் நோயாளிகளின் பதிவேட்டுப் பிரிவு. அவர் என்ன வேலை பார்த்தார் என்று நம்மில் பலருக்குச் சரியாகத் தெரியாது. நம் மின்னஞ்சலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று திருடனுக்கு முன்னால் தேடிப் பார்ப்பதுதான் அவர் வேலை. வைரஸ் போலவே தோன்றும், ஆனால் ஒரு கெடுதலும் செய்யாத ஒரு சோதனைக் கோப்பை வெளியிலிருந்து தனக்கே அனுப்புவார். வடிகட்டி தடுத்துவிட்டால் அதையே சுருக்கி அனுப்புவார். பிறகு பெயரை மாற்றி, பிறகு கடவுச்சொல் போட்டுப் பூட்டி. எந்த வழியில் அது உள்ளே நுழைகிறதோ அந்த வழியை அன்றே அடைப்பார். "பூட்டியாச்சுன்னு சொன்னா பத்தாது அண்ணே. ஒருவாட்டி இழுத்துப் பாக்கணும்" என்பார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டைரக்டரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "மிஸ்டர் மணியம், பதிவேட்டுப் பிரிவில் உங்கள் உழைப்பைக் கவனித்து வருகிறேன். நன்றி" என்று இரண்டு வரி. அந்த மனிதர் யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. மதியம் முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நாலு மணிக்கு ஜமீலா என் மேசைக்கு வந்தார். "அண்ணே, அது டைரக்டர் எழுதல. நான் எழுதுனது. அவர் பேர்ல யாரு வேணும்னாலும் எழுதலாம்னு தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு அடைச்சிடுறேன்." எனக்கு முகம் சுருங்கியிருக்க வேண்டும். கதவு வரை போனவர் திரும்பி, "எழுதுனது நான்தான். ஆனா பொய் எழுதல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழகுவதற்கு எளிய ஆள் என்று சொல்ல மாட்டேன். கேன்டீனில் தனியாகச் சாப்பிடுவார். என் மகள் கல்யாண அழைப்பைக் கைப்பேசியில் அனுப்பினேன். எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்கள். ஜமீலா மட்டும் போன் போட்டு, "இந்த லிங்க் நீங்க அனுப்புனதுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்ற பிறகும், "மாப்பிள்ளை பேரு என்ன, சொல்லுங்க" என்றார். என் மனைவி அதை இன்னும் மறக்கவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் நம் எல்லாருக்கும் ஒரு பொறி வைத்தார். புதிய வேலை அட்டவணை வந்திருக்கிறது, கடவுச்சொல்லைப் போட்டுப் பாருங்கள் என்று ஒரு மின்னஞ்சல். போட்டவர்களுக்கு, "இது ஒரு சோதனை" என்ற பக்கம் திறந்தது. நிறையப் பேர் மாட்டினார்கள். அந்த வாரமே, நானும் இருந்த பிரிவுத் தலைவர்கள் கூட்டத்தில் நிர்வாக மேலாளர் பெயர்களைக் கேட்டார்.

"லிஸ்ட்டக் குடுங்க ஜமீலா. நோட்டீஸ் போர்டுல ஒட்டுனாத்தான் புத்தி வரும். காண்ட்ராக்ட் ஆளுங்க இருந்தா புதுப்பிக்க வேணாம்."

பதிவுக் கவுண்டரில் இருந்த பரமேஸ்வரிக்கு அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. லாபிஸிலிருந்து வந்து தம்போயில் அறை எடுத்துத் தங்கியிருந்த பெண். அவள் மாட்டியது எனக்குத் தெரியும், என்னிடம் அழுதிருந்தாள்.

ஜமீலா ஒரு தாளை நகர்த்தினார். அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது, அவருடையது.

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல சார். சிங்கப்பூர்ல வேலை செஞ்சப்ப ஒரு நெசத் திருட்டு மெயில நானே திறந்துட்டேன். மெயில் பாதுகாப்புதான் என் வேலையே. வெக்கத்துல ரெண்டு மணி நேரம் யாருகிட்டயும் சொல்லல. அந்த ரெண்டு மணி நேரத்துல அந்தக் கம்பெனியோட சர்வர் எல்லாம் போயிடுச்சு. இங்க எத்தன பேருன்னு ரிப்போர்ட்ல இருக்கு. பேருங்கள அழிச்சிட்டேன். பேரு வெளிய போனா, நாளைக்கு நெசமா மாட்டுறவங்க மறைப்பாங்க."

அழிக்கப்பட்ட அந்தப் பெயர்களில் என்னுடையதும் ஒன்று. நானும் கடவுச்சொல்லைப் போட்டிருந்தேன். பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. ஜமீலாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அவருக்கு வர வேண்டிய பிரிவுத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. பரமேஸ்வரியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

ஏழு மாதம் கழித்து, வெளிநோயாளிகள் நிறைந்த ஒரு காலை நேரம். காப்புறுதிக் கடிதம் என்று நம்பி பரமேஸ்வரி ஓர் இணைப்பைத் திறந்தாள். திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின. அவள் அந்த நிமிடமே போனை எடுத்தாள். "அக்கா, நான்தான் திறந்தேன், என்னமோ ஆகுது." "பின்னால நீலக் கேபிள் இருக்கு பாரு, புடுங்கு!" என்று ஜமீலா கத்தியது மேல்மாடியில் இருந்த எனக்கே கேட்டது. படியில் ஓடி இறங்கினார். இரண்டு கணினிகள் போயின. நோயாளிகளின் பதிவேடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவும் என் பொறுப்பில் இருந்தவை.

எல்லாம் அடங்கிய பிறகு ஜமீலா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "ஜமீலா, அந்த லிஸ்ட்ல நானும் இருந்தேன்" என்றேன்.

"தெரியும் அண்ணே. மூணாவது பேரு." கோபமில்லாமல்தான் சொன்னார். "அன்னிக்கு அந்த ரூம்ல சொல்லியிருந்தா எனக்கும் ஒரு ஆளு தொணைக்கு இருந்திருக்கும்" என்றார். பிறகு எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

அடக்கத்தன்று கூட்டம் அதிகமில்லை. ஜமீலா குடும்பத்தின் சாப்பாட்டுக் கடையை அடைத்துவிட்டு அதன் ஊழியர்கள் வந்திருந்தார்கள். பரமேஸ்வரி வீட்டினுள்ளே பெண்களோடு இருந்தாள். நான் கடைசி வரிசையில் நின்று மண் தள்ளுவதைப் பார்த்தேன்.

மறுவாரம் மருத்துவமனையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மேலாளர் முன்வரிசையில் இருந்தார். ஜமீலாவின் திறமை, நேரம் தவறாமை என்று எழுதி வைத்திருந்ததை மடித்துப் பையில் வைத்தேன். அன்றைய பட்டியலில் என் பெயர் இருந்தது, நான் பேசாமல் இருந்தேன், அதற்கான தண்டனையை அவர் வாங்கிக்கொண்டார் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். யாரும் கை தட்டவில்லை. தட்டுகிற விஷயமும் அல்ல.

"எனக்கும் ஒரு ஆளு தொணைக்கு இருந்திருக்கும்" என்று படிக்கட்டில் அவர் சொன்ன அந்த வாக்கியம் என்னிடம் இருக்கிறது. யாராவது ஒருவர் தனியாக எழுந்து நின்று பேசுகிற அறைகளில் இப்போது அது எனக்குக் கேட்கிறது. உடனே நானும் எழுந்து பக்கத்தில் நின்றுவிடுகிறேன்.