வளைவுக்கு முன்னால் இறங்கிய அலமேலு அண்ணி

சென்ற திங்கட்கிழமை நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை வந்து என்னை வெளியே அழைத்தார். பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாகச் சொன்னார். அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் காமாலை முற்றிப் படுத்திருந்த என் அண்ணன் மனைவி அலமேலு அம்மாள் காலமாகிவிட்டார். திருவள்ளூரில் பஸ் ஏறும்வரை எனக்கு அழுகை வரவில்லை. ஏறி உட்கார்ந்த பிறகு நிற்கவில்லை.

நாத்தனார் அண்ணிக்கு எழுதும் அஞ்சலி என்றால் சிலர் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். படியுங்கள். எங்களுக்குள் சண்டை உண்டு. குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதில்கூட நாங்கள் ஒத்துப்போனதில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வேன் ஓட்டிக்கொண்டு போன அந்தப் பெண்மணியை நீங்கள் எல்லாரும் ரோட்டோரத்தில் நின்று பார்த்தவர்கள். நான் வேனுக்குள் உட்கார்ந்து பார்த்தவள்.

பொன்னேரியை அடுத்த ஆரணியில் நெல் விவசாயக் குடும்பம் அவருடையது. அறுபதுகளின் நடுவில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தார். பிறகு கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கின. அண்ணன் ஒரு பழைய வேன் வாங்கி, ஆரணிச் சந்தையில் காய்கறி எடுத்து ஒரு தொழிற்சாலை கான்டீனுக்குக் கொடுத்துவந்தார். ஒருநாள் கல்கத்தா ரோட்டு வளைவில் பஸ்ஸை முந்தப் போய், எதிரே வந்த லாரியில் மோதினார். உயிர் தப்பியது. இடது கால் கிளட்சை மிதிக்க உதவாமல் போயிற்று. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "லாரிக்காரன் கண்ணுமண்ணு தெரியாம வந்தான்" என்றே அண்ணன் சொல்லிவந்தார். அண்ணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

வேனைத் தட்டி நிமிர்த்தி ஓடவைத்தோம். கூலிக்கு வைத்த டிரைவரோ ஒருநாள் வந்தால் மறுநாள் வரமாட்டார். காய் நேரத்துக்கு வராவிட்டால் அடுத்த மாதம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கான்டீன் மானேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து வந்து, "நான் கத்துக்கறேன்" என்றார். என் அம்மா சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அந்த வாரமே வேனில் எல் போர்டு ஏறியது.

அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். பள்ளி விடுமுறை நாட்களில் நான் பின்னால் கோணி மூட்டைமேல் உட்கார்ந்து விதிப் புத்தகத்தை வாசிப்பேன். ஸ்டியரிங்கும் கியரும் அண்ணிக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டன. பிடிபடாதது ரோட்டின் நடுவில் அந்த வருஷம்தான் புதிதாகப் போட்டிருந்த வெள்ளைக் கோடு.

"இது இன்னாத்துக்குங்க ஒரு எடத்துல வுட்டு வுட்டு இருக்குது, ஒரு எடத்துல முழுசா இருக்குது?" என்று கேட்டார்.

"வுட்டு வுட்டு இருந்தா காண்ட்ராக்டரு பெயின்ட்ட மிச்சம் புடிச்சிட்டான்னு அர்த்தம்" என்றார் அண்ணன். கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் அந்தக் காலத்தில் பாதி டிரைவர்கள் அதையே நிஜமென்று நம்பினார்கள்.

விட்டுவிட்டு இருந்தால் எதிரே பார்த்துவிட்டுத் தாண்டலாம், முழுக்கோடு என்றால் தாண்டக் கூடாது என்று நான் புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். எனக்கு அது போதும். அண்ணிக்குப் போதவில்லை. கோடு ஒன்றுசேரும் இடத்திலெல்லாம் ஓரமாக வண்டியை நிறுத்தி முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தார். ஓரிடத்தில் வளைவு இருந்தது, இன்னோரிடத்தில் பாலத்து மேடு. மூன்றாவது இடத்தில் என்னிடம் திரும்பி, "பாப்பா, நம்ம கண்ணுக்குத் தெரியாத எடமாப் பாத்துதான் முழுசாப் போட்டுக்கீறாங்க. யாரோ நமக்கு முன்னாடியே வந்து பாத்து சொல்லிட்டுப் போன மாதிரி" என்றார்.

அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அடிபட்ட வளைவிலும் முழுக்கோடுதான் இருந்தது. மூவருக்கும் அது தெரியும்.

லைசென்ஸ் டெஸ்ட் அறுவடை சமயத்தில் வந்தது. அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் பாதி ரோடு களமாகிவிடும். நடுக்கோடு வரைக்கும் நெல்லைக் காயப்போட்டு, சுற்றிலும் கல் வைத்துவிடுவார்கள். கோடு போட்டதே அதற்குத்தான் என்று வாதாடியவர்கள்கூட உண்டு. அண்ணிக்குத் துணையாக நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முன்னால் டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர். ஒரு வளைவில் எங்கள் பக்கம் முழுக்க நெல், கோட்டை ஒட்டிக் கல் வரிசை. கோடு முழுக்கோடு. அண்ணி வண்டியை நிறுத்தினார்.

"வலது பக்கம் ஏறிப் போம்மா."

"வளைவுக்கு அந்தாண்ட இன்னா வருதுன்னு தெரியல சார். எறங்கிப் பாத்துட்டு வந்துடறேன்."

"டெஸ்ட்ல வண்டிய விட்டு எறங்கினா ஃபெயில் போட்டுடுவேன்."

அண்ணியின் கை கதவில் அப்படியே நின்றது. மானேஜர் கொடுத்த கெடு அந்த வாரத்தோடு முடிகிறது. அது அண்ணிக்குத் தெரியாதா? "ஏறிப் போங்க அண்ணி" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் என்ஜினை அணைத்தார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், இறங்கினார். வெயிலில் வளைவுவரை நடந்து போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த பெண் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"பாத்தியா? ஒண்ணும் வரல. ரோடு காலிதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வரலன்னு இப்பதானே சார் தெரிஞ்சுது" என்றார் அண்ணி.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் அல்லர். அவருக்காக வெயிலில் இன்னும் பலர் காத்திருந்தார்கள். சொன்னபடியே ஃபெயில் போட்டார். கான்டீன் வேறு ஆள் கைக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். "ஒரு நிமிஷம் ஏறி எறங்கியிருந்தா சோத்துக்கு வழி இருந்திருக்குமே அண்ணி! ஒண்ணும்தான் வரலையே!" அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தார். அப்போது கட்டிலிலிருந்து அண்ணன் பேசினார்.

"அவள ஒண்ணும் சொல்லாத. நானும் ஒண்ணும் வராதுன்னு நெனச்சிக்கினுதான் ஏறினேன். கோடு முழுசாதான் இருந்துது. லாரிக்காரன் மேல தப்பு இல்ல."

அண்ணி அவர் காலருகில் போய் உட்கார்ந்தார். "தெரியும்ங்க. நீங்களே சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றார். அந்த மனுஷியின் பொறுமை எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது.

கறவை மாட்டை விற்று அடுத்த மாதங்களைத் தள்ளினோம். இரண்டாவது டெஸ்டில் லைசென்ஸ் கிடைத்தது. பிறகு புதிதாக வந்த வேறொரு தொழிற்சாலையில் ஆர்டர் பிடித்து, போன மாதம் படுக்கும்வரை ஓட்டினார். பின்னால் ஹாரன் அடித்துத் திட்டிய லாரிக்காரர்களிடம், "முந்திக்கினு போ நைனா, நல்லபடியா ஊடு போய்ச் சேரு" என்பார். கிண்டலே இல்லாமல் சொல்வார்.

அவரை வாடகை வேனில் ஊருக்குக் கொண்டுவந்தோம். அண்ணனும் நானும் இருபுறமும் உட்கார்ந்திருந்தோம். கும்மிடிப்பூண்டிக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று எங்களுக்கு முன்னே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. முன்னே வளைவு. டிரைவர் வேனை வலப்பக்கம் ஒடித்துக்கொண்டே, "ஒண்ணும் வராதுங்க, ஏறிடறேன்" என்றார்.

"வேணாம்பா" என்றார் அண்ணன். "மாட்டு வண்டி பின்னாடியே போ. அவளுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

மாடுகள் நடந்த வேகத்திலேயே ஊர் திருப்பம்வரை வந்தோம். பின்னால் ஹாரன்கள் அலறிக்கொண்டிருந்தன. அண்ணன் ஒரு கையை அண்ணியின் தோள்மேல் வைத்தபடி முன்னே ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

போய் வாருங்கள், அண்ணி. பார்த்துப் போங்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.