பால் நிறக் கண்ணாடி

என் கணவர் கடலூர் பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்துபோன பிறகு, கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடி பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் அவருடைய வேலை என்றாகிவிட்டது. பால்கனிக்கு நெஞ்சு உயரத்தில் செங்கல் சுவர். நின்றால் தெரு தெரியும். அவரால்தான் நிற்க முடியாதே. நாள் முழுக்கச் சுவரையும் அதற்கு மேலே கொஞ்சம் வானத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் சோறு பிசைந்து கொடுக்கும்போது சொன்னார்: "சொவுத்தப் பாத்துக்கினே போய்ச் சேந்துடுவேன் போல."

எனக்குக் கோபம்தான் வந்தது. காலையிலிருந்து நேரு வீதி ஜவுளிக்கடையில் நின்றபடி புடவை பிரித்துக் காட்டிவிட்டு வந்தவள், இதையும் கேட்க வேண்டுமா? ஆனால் அந்தப் பேச்சு என்னைத் தூங்க விடவில்லை. சுவரை இடித்துவிட்டு, அலுமினியச் சட்டம் போட்டுக் கண்ணாடி பதித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சுவரை இடிப்பது அரை நாள் வேலையாக முடிந்தது. கண்ணாடிதான் வரவில்லை. அலுமினிய வேலைக்காரருக்குப் போன் போட்டால், "நாளைக்கு கண்டிப்பா வந்துடும்க்கா" என்பார். அவருடைய 'நாளைக்கு' எந்தக் காலண்டரில் இருந்ததோ தெரியாது. இடித்த இடத்தில் கயிறு கட்டி, பழைய புடவையைத் தொங்கவிட்டேன். விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டேன். இருந்த கொஞ்சம் வானமும் அவருக்குப் போயிற்று.

ஒரு வழியாகக் கண்ணாடி வந்த அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் மூச்சிரைக்கப் படியேறி வந்தேன். அலுமினியம் பளபளவென்று இருந்தது. வேலைக்கு வந்தவர்களே அவரை நாற்காலியோடு பால்கனிக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். அவருக்கு எதிரே பால் மாதிரி வெள்ளைக் கண்ணாடி. வெளிச்சம் வந்தது, வேறு எதுவும் தெரியவில்லை.

"நல்லாத்தான் கீது. வெளிச்சமா கீது" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அலுமினிய வேலைக்காரரைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். அவருக்கு என் கோபமே புரியவில்லை.

"இன்னாக்கா, பொம்பளைங்க பொழங்கற வூடு. கீழேர்ந்து பாத்தா கால் தெரியக்கூடாதுன்னு எல்லாரும் இதான் கேப்பாங்க. நீங்க வாய வுட்டுக் கேக்கலன்னாலும் நானே பாத்துப் போட்டேன்."

நல்ல மனசுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். என் பூசாரி அக்கறையோடு கெடுத்துவிட்டார். அந்த மங்கலைத் துடைத்து எடுக்க வழியில்லையாம், வேறு கண்ணாடிதான் சொல்ல வேண்டுமாம்.

"வுட்டுடு. நீ இன்னும் அலையாத" என்றார் இவர்.

விட்டுவிட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அவ்வளவு களைப்பு. அவர் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் உயரத்திலிருந்து பார்த்தேன். வெள்ளையடித்த சுவரேதான். மறுநாள் காலையில் போன் செய்து, கழற்றிக்கொண்டு போகச் சொன்னேன். மறுபடியும் கயிறு, மறுபடியும் பழைய புடவை, மறுபடியும் அவர் உள்ளே.

தெளிந்த கண்ணாடியை மாட்டிய அன்றும் நான் கடையில்தான் இருந்தேன். கடையில் கூட்டம், கண்ணாடி ஞாபகமே இல்லை. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வழக்கம்போல நடந்தேன். வழக்கம் என்றால், தெருமுனைக் கரண்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பேன். செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்துக்கொள்வேன். பிறகு பூட்டிக் கிடக்கும் வீட்டுச் சுவரில் சாய்ந்து இன்னொரு முறை. யார் பார்க்கப்போகிறார்கள்? எங்கள் வீட்டுப் படியில் கால் வைக்கும்போதுதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துச் சிரித்த முகமாக்கிக்கொள்வேன்.

மேலே போனதும்தான் கண்ணாடியையும் அதன் முன்னால் அவரையும் பார்த்தேன். தெரு முழுக்கத் தெரிந்தது, கம்பம் உட்பட.

"நல்லா தெரியுதா?" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார்.

"தெனமும் இப்படித்தான் நின்னு நின்னு வருவியா?"

"சே, இன்னைக்கித்தான்" என்றேன்.

மறுநாளிலிருந்து நான் எங்கேயும் நிற்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கினால் கால் வலிக்காதவள் மாதிரி விறுவிறுவென்று வந்துவிடுவேன். மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாரே. இவ்வளவு பாடுபட்டு அந்தக் கண்ணாடியைப் போட்டு, எனக்கு இருந்த ஒரே ஓய்வையும் நானே பறிகொடுத்துவிட்டேன் என்று எரிச்சலாக இருந்தது. அவர்மேல்கூட எரிச்சல் வந்தது.

சில நாள் கழித்து, என் காலை நானே அமுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "கம்பத்தாண்ட நின்னுட்டே வா. அந்நேரத்துக்கு நான் நல்ல கால ஊனி நாக்காலிய வூட்டுப் பக்கம் திருப்பிக்கறேன்."

மறுநாள் கம்பத்தருகே வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால், தெருவுக்கு முதுகைக் காட்டி, வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வேண்டிய மட்டும் நின்று அழுதேன்.