சுவரின் உச்சியில் என் கை

எண்பதுகளில் தொலைக்காட்சியில் தடை ஓட்டப் போட்டி வந்தால் எங்கள் அடுக்குமாடி முழுக்கக் கத்தும். அதே போட்டியில் நாங்களே ஓடப்போகிறோம் என்றதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்த வேகம் வேறு. எப்படி ஓடுவது, எங்கே மூச்சு வாங்குவது என்று எல்லாருக்கும் நானே வகுப்பு எடுத்தேன்.

ஜார்ஜ் டவுன் கடலோரத் திடலில் பலகைச் சுவர், இரண்டு ஆள் உயரம், கயிறு கிடையாது. எங்கள் அணியில், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் கீழே நிற்பார். அவர் தோளை மிதித்து எம்ப வேண்டும். உச்சியில் கவிழ்ந்து கிடக்கும் நான் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். முதல் இரண்டு அணிகள் இறுதிப் போட்டிக்கு ரயிலில் தலைநகர் கோலாலம்பூர் போகும். அந்தப் பயணத்துக்காகத் துடித்தவன் என் நண்பன். நிபோங் திபால் ரப்பர் தோட்டத்துப் பையன். ரயில் போவதைத் தினம் பார்த்திருக்கிறான், ஏறியதில்லை.

பயிற்சியில் ஒவ்வொரு முறையும், மிதிக்குமுன் அண்ணன் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான்.

"டேய் தம்பி, நான் என்ன கோயிலா? ஏறுலா!"

"உங்க மேல கால் படுதேண்ணே."

"படாம, பறந்தா போவ?"

போட்டியன்று கேமரா சுவருக்குப் பக்கத்திலேயே நின்றது. அவன் ஓடி வந்து தோளில் ஏறினான். எங்கள் விரல்கள் தொட்டுவிட்டன. அப்போது கால் வழுக்கி அண்ணன் முகத்தில் பட்டது.

"ஐயோ, அண்ணே!"

என்னிடம் வர வேண்டிய கை கீழே போய் அண்ணன் தலையைத் தொட்டது. அந்தக் கை கண்ணுக்குத் திரும்பும் வழியில் அவன் சரிந்தான். நான் பிடித்தது காற்றை.

முழங்கால் மடங்கிக் கிடந்தான். மாற்று ஆளை ஏற்றி ஓடி முடித்தோம். இரண்டாம் இடம்.

அடுத்த வாரம் ஒளிபரப்பு. காலில் மாவுக்கட்டோடு எங்கள் கூடத்தில்தான் உட்கார்ந்து பார்த்தான். அவன் விழுந்ததை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். கண்ணில் வியர்வை விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று வர்ணனையாளர் மலாயில் சொன்னார். அறையே சிரித்தது, அவனும்தான். நான் திரையின் மேல் விளிம்பையே பார்த்தேன். அங்கே ஒரு கை மட்டும் தெரிந்தது. திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"ஏன்டா பேயறைஞ்ச மாதிரி இருக்க? போய் ஓடு. ரயிலு எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லு," என்றான்.

ரயிலில் வழியெல்லாம் நான் சன்னலைப் பார்க்கவேயில்லை.

கோலாலம்பூரிலும் அதே மாதிரிச் சுவர். மாற்று ஆளாக வந்த சின்னப் பையன் அண்ணன் தோளில் ஏறி என்னிடம் கை நீட்டினான். பிடித்தேன், இழுத்தேன். உச்சிக்கு வந்து மறுபக்கம் காலைப் போட்டுவிட்டான்.

"வந்துட்டேண்ணே, விடுங்க! நேரம் போகுது! கை வலிக்குது, விடுங்கண்ணே!"

கூட்டம் கத்தியது. கீழேயிருந்து அண்ணனும் கத்தினார். என் விரல்கள் விரியவில்லை.