சவரிமுத்து வாய் திறக்காத காட்சி

சவரிமுத்து இறந்த செய்தி வந்தபோது நான் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். வானகரத்திலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை என்று தரகர் சொல்லிவிட்டுப் போனதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இடது பக்கம் முடித்து வலது பக்கம் தொடுவதற்குள் எதிர்வீட்டு அம்மா போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார். எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான் போன். ஓடினேன். மறுமுனையில் பன்னீர்.

"சவரி செத்துட்டான்டா. தூக்கத்துலயே போயிருக்கான். பக்கத்து ஊட்டுக்காரன் கதவத் தட்டிப் பாத்திருக்கான்."

பெண் பார்ப்பதைத் தள்ளிப்போடும்படி மனைவியிடம் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே பஸ் ஏறினேன். சென்னீர்குப்பத்தில் அவன் வீட்டு வாசலில் நின்றவர்கள் என் முகத்தையே பார்த்தபோதுதான் மீசை ஞாபகம் வந்தது. பாதி கறுப்பு, பாதி வெள்ளை. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நான் தாங்க முடியாமல் அழுவதாக நினைத்து யாரோ ஒரு பெரியவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். சவரி பார்த்திருந்தால், "இன்னா மாமே, ஒரு பக்கம் மட்டும் பிளாஷ்பேக்கு ஓடுது?" என்று கேட்டிருப்பான். அவன் பெட்டிக்குள் படுத்திருந்தான்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அவனைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னது பன்னீர்தான். ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான். எங்கள் கூட்டத்தில் அதுவே பெரிய படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கூட்டம் என்றால் பீரோ படத்துக் கூட்டம். உங்களில் சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதன் உண்மைப் பெயரை நாங்கள் யாரும் சொன்னதில்லை. கதாநாயகன் கடிகாரம் பழுது பார்ப்பவன். அவன் மனைவி ஏரி உடைந்த வெள்ளத்தில் போய்விடுகிறாள். அவன் வருடக்கணக்காக உழைத்து ஓர் இரும்பு பீரோவைச் செய்கிறான். அதற்குள் ஏறி நின்றால் போன காலத்துக்குப் போகலாம். அவள் கடைசியாக வீட்டை விட்டுக் கிளம்பிய காலைக்கே போய்ச் சேருகிறான். ஆனால் அவனுக்கு வயதாகிவிட்டது. அவள் அப்படியே இருக்கிறாள். "பெரியவரே, நீங்க யாரு?" என்று கேட்கிறாள். சொன்னால் பயந்துவிடுவாள். "வழிப்போக்கன் அம்மா. ஒரு வாய் தண்ணீர் கிடைக்குமா?" என்கிறான். தண்ணீர் கொடுக்கிறாள். ஏரிப் பக்கம் போகாதே என்கிறான். சிரித்துவிட்டுப் போகிறாள். அவன் தனியாக பீரோவுக்குள் ஏறித் திரும்பி வருகிறான். அவ்வளவுதான் கதை.

எண்பதுகளில் அந்தப் படம் அம்பத்தூர்ப் பக்கம் எந்தக் கொட்டகையில் காலைக் காட்சி போட்டாலும் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வேலை பார்த்த நாங்கள் போய் உட்காருவோம். திரையில் ஆள் வாயைத் திறப்பதற்கு முன்னால் வசனத்தை நாங்கள் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கொரு பங்கு உண்டு. பன்னீர், பீரோவைத் திருட வரும் வில்லன். எனக்குக் கிடைத்தது பீரோ கதவு கிறீச்சிடும் சத்தம். வசனம் மனப்பாடம் ஆகாதவனுக்கு அதைத்தான் கொடுப்பார்கள். வழிப்போக்கன் வசனம் மட்டும் சவரிமுத்துவுக்கு. வெல்டிங் பட்டறை இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. "படம் பாக்குறது கண்ணால இல்லடா, தொண்டையால" என்பான்.

ஒரு தடவை அவன் வீட்டம்மாவும் வந்திருந்தார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். சவரி எழுந்து நின்று, "வழிப்போக்கன் அம்மா! ஒரு வாய் தண்ணீர் கிடைக்குமா?" என்று முழங்கினான். இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஊட்ல கொடம் காலியா கீது. நீ போய்ப் புட்ச்சிகினு வந்தா ரெண்டு பேருமே குடிக்கலாம்!"

கொட்டகையே சிரித்தது. சவரி வெட்கப்பட்டு நான் பார்த்தது அப்போது மட்டும்தான். அதற்குப் பிறகு அவர் வந்த ஒவ்வொரு காட்சியிலும் பெண்கள் பக்கமிருந்து ஒரு பதில் வரும். ஒரு தரம் சொன்னது மறு தரம் இருக்காது. அதைக் கேட்பதற்காகவே சிலர் டிக்கெட் எடுத்தார்கள்.

பிறகு அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து, ஆஸ்பத்திரி, மாதா கோயில் எல்லாம் பார்த்தார்கள். உயிர் நிற்கவில்லை. பிள்ளைகளும் இல்லை.

சில மாதம் கழித்து சவரி மறுபடி காலைக் காட்சிக்கு வந்தான். அதே வசனத்தை அதே குரலில் சொன்னான். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தான். பின்னால் இருந்த யாரோ, "உக்காருய்யா, மறைக்குது" என்றார்கள். உட்கார்ந்தான். நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் முன்னால் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று எங்களுக்குள் சொல்லாமலே ஒரு முடிவு ஆகியிருந்தது. அதுதான் மரியாதை என்று நினைத்தோம்.

தொண்ணூறுகளில் அந்தக் கதையைக் கலரில் மறுபடி எடுத்தார்கள். எங்களுக்கு வந்த கோபத்தை எழுதி முடியாது. பன்னீர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் மனைவி சொன்னார். முதல் நாளே போய்க் கூச்சல் போட்டுக் கலைத்துவிடுவது என்று தீர்மானம். அந்தப் பெண் "யாரு?" என்று கேட்டதும் சவரி எழுந்து பழைய வசனத்தைச் சொல்ல வேண்டும், உடனே நாங்கள் விசிலடிக்க வேண்டும்.

படம் ஆரம்பித்தது. பீரோவுக்குப் பதில் கண்ணாடி அறை. சுற்றி சீரியல் பல்பு.

"இது இன்னா மிஷினா, கல்யாண மண்டப வாசலா?" என்றான் பன்னீர்.

கதாநாயகன் உள்ளே போனதும் மலை, பனி, கூட்டமாக ஆடும் பெண்கள்.

"அண்ணாத்தே, நீ போனது பழைய காலத்துக்கா, ஊட்டிக்கா?"

புதுக் கதாநாயகனுக்கு வயதும் ஆகவில்லை; சம்பளம் அப்படி. கடைசியில் அந்தக் காலை வந்தது. அவள் வாசலுக்கு வந்து, "யாரு?" என்றாள். பன்னீர் சவரியின் தொடையில் தட்டினான். "குடு மாமே, குடு!"

சவரி எழவில்லை. வாய் கொஞ்சம் திறந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கதாநாயகன், "உன் புருஷன்டி" என்றான். அவள் ஏரிப் பக்கம் போகவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் ஏறி இந்தக் காலத்துக்கு வந்துவிட்டாள். மழைப் பாட்டு.

வெளியே டீக்கடையில் பன்னீர் பிடித்துக்கொண்டான்.

"இன்னாடா ஆச்சு உனுக்கு? தொண்ட கட்டிகிச்சா?"

"அவதான் வந்துட்டாளேடா. அதுக்கு மேல நான் இன்னாத்த சொல்றது?"

"தூ! கதையே கெட்டுப் போச்சு, வந்துட்டாளாம்!"

மறுநாளும் சவரி அந்தப் படத்துக்குப் போனான் என்று தெரிந்தது. அதற்கு மறுநாளும். எங்கள் ஆட்கள் அவனைக் கட்சி மாறியவன் என்றார்கள். எஸ்டேட் கேண்டீனில் அவன் வந்தால் யாராவது மழைப் பாட்டைப் பாடுவார்கள். அவனும் தாளம் போடுவான். மெதுவாக எங்கள் மேசைக்கு வருவதை நிறுத்திவிட்டான். யாரும் யாரையும் விரட்டவில்லை. அவன் வரவில்லை, நாங்கள் போய்க் கூப்பிடவில்லை.

பிறகு பீரோ படம் ஒரு வாரம் மறுபடி வந்தபோது போனோம். நான் கதவைக் கிறீச்சிட்டேன். பன்னீர் மிரட்டினான். அந்த இடம் வந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பழைய நடிகரின் சொந்தக் குரலில் வழிப்போக்கன் வசனத்தை முதல் முறையாகக் கேட்டோம். ரொம்பச் சன்னமான குரல். இத்தனை வருடம் அது சவரியின் குரல் என்றே என் காதில் பதிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு நாள் பூந்தமல்லியில் மாவு மில்லுக்குப் போன இடத்தில் சவரியைப் பார்த்தேன். அங்கே புதுப் படம் இரண்டாவது சுற்றாக ஓடிக்கொண்டிருந்தது. "வா மாமே" என்றான். மாவு மூட்டையோடு போனேன். மதியக் காட்சியில் எங்களைத் தவிர அங்கொருவர் இங்கொருவர். மூட்டையைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். அந்த இடம் வந்தது. அவள் அந்தக் கண்ணாடி அறையை விட்டு இறங்கி, செருப்பைச் சரி செய்துகொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி நடந்து வந்தாள். உடனே அவன் எழுந்தான்.

"போலாம்."

"பாட்டு, பைட்டெல்லாம் பாக்கி கீதேடா."

"அது எனுக்கு வேணாம். அவ வர்ற வரிக்கும்தான் நம்ம படம்."

பஸ் நிறுத்தத்தில் நின்றோம். சும்மா இருக்க முடியாமல் நான்தான் கேட்டேன். "நெஜமாச் சொல்லு. பழைய படந்தான நல்லா கீது?"

"பழசுதான் நெஜம் மாமே, எனுக்குத் தெரியாதா? நெஜம் ஊட்லயே குந்திகினு கீது. அதுக்கு எதுக்குக் கொட்டாய்க்கு வரணும்?"

இன்றுவரை அவன் சொன்னதில் நான் வைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். என் மகள் கல்யாணமாகிப் போன பிறகு இது இன்னும் விளங்கும் என்று நினைக்கிறேன்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். எதையோ நான் சொல்வேன் என்று காத்திருந்ததுபோல இருந்தது. அவன் வீட்டம்மா கையால் சாப்பிட்டவன் நான். அவர் போன பிறகு அவர் பெயரை அவன் எதிரில் சொன்னவர்கள் யாரும் இல்லை. சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சென்னீர்குப்பம் பஸ் வந்தது. படியில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தான். "மூட்ட பத்திரம் மாமே" என்றான். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு வாய் வரைக்கும் வந்ததை இங்கேதான் எழுத முடிகிறது, சவரி:

ரெஜினா மாதிரியே நடக்குறாடா.